சின்னவரோட பகல் தூக்கமும் எங்க வீட்டு வைத்தியர்களும்

எச்சரிக்கை: கல்யாணம் ஆகாத ஒருத்தன் கைக்குழந்தை தூக்கத்தைப் பத்தி எழுதுற பதிவு இது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுக்கோங்க. அப்பாலிக்கா மேட்டர் கொஞ்சம் சீரியஸா போகும். நீளமாவும் போகும்.

தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு, அதாவது எலவனாசூர்கோட்டைக்கு வந்திருந்தா. பங்குனி கடைசியில பையன் பொறந்தான். (சித்திரைக்குத் தள்ளிடக் கூடாதுன்னு ஊர்ல இருக்குற சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டிருந்த எங்க ஆயாவுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.) நமக்குப் பொட்டி தட்டுற வேலை, வீட்டுலேருந்தே தட்டலாம். அம்மாவுக்கு அடுப்படியும் பத்தியச் சமையலும். அப்பாவுக்குக் கரும்புக் கொல்லை. ராத்திரி முழுக்க தங்கச்சி முழிச்சுக் கெடக்கா. ஆக, பகல் ஷிஃப்ட் தாய்மாமன் தலையில விழுந்துச்சு. தோடு போடுறதுக்கும் மடியில வெச்சு மொட்டை அடிக்கிறதுக்கும் மட்டும்தான் தாய்மாமன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஏப்பம் எடுக்குறதுக்கும்தானாம்.

சின்னவரோட பிரச்னை என்னன்னா, பகல்ல தூங்க மாட்டாரு. தப்பு, தூங்குவாரு, பத்து நிமிஷம். பால் குடிச்சுக்கிட்டே கண்ணு சொருகும். ஆகா, தூங்கிட்டான்டான்னு பூனை மாதிரி நடந்து போயி பாயில கிடத்தினா, சரியா பத்தாவது நிமிஷம் முறுக்க ஆரம்பிப்பான். மூஞ்சி செவக்கும். காலு ரெண்டும் வயித்துல மடங்கும். முதுகு வில்லு மாதிரி வளையும். அப்புறம் ஒரு அலறல் பாருங்க, உளுந்தூர்பேட்டை - சேலம் ரோட்டுல போற லாரி ஏர்ஹாரன் எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. வாய் ஓரத்துல தயிர் மாதிரி பால் வழியும். என் சட்டையில தோள்பட்டைப் பக்கம் எப்பவும் ஒரு புளிச்ச வாசனை. ஆபீஸ் மீட்டிங்ல கேமராவை அணைச்சே வெச்சிருந்ததுக்குக் காரணம் இதுதான் மேனேஜர் சார், நம்புங்க.

குழந்தை அழுதா வீட்டுல கமிட்டி கூடிடும் இல்லையா, கூடுச்சு.

ஆயா சொன்னது: "இது பால் மாந்தம்டா. உரமருந்து ஒரைச்சு நாக்குல தடவுனா போயிடும்."

எதிர்வீட்டு அத்தை சொன்னது: "உரம் விழுந்திருக்கு. புடவையில போட்டு உருட்டி எடுக்கணும். நம்ம ஊர்லயே ஒரு கெழவி இருக்கு."

ஃபோன்ல சம்பந்தியம்மா சொன்னது: "புள்ளைக்குப் பாலு பத்தல. டப்பாப் பால் ஒரு வேளை குடுத்துப் பாருங்களேன். வெயிலுக்குத் தண்ணியாச்சும் குடுக்குறீங்களா இல்லியா?"

பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குல சொன்னது: ஒண்ணும் சொல்லலை. அஞ்சு நிமிஷத்துல மூணு சொட்டு மருந்து எழுதிக் குடுத்து "அடுத்து யாருப்பா"ன்னுட்டாங்க.

தங்கச்சி ஒண்ணுமே சொல்லலை. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியில உக்காந்துக்கிட்டு, "ஏண்ணா, என் பாலே அவனுக்கு ஒத்துக்கலையோ?"ன்னு கேட்டா. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடந்துச்சு. தூங்கி ஏழெட்டு வாரம் ஆனவ கேக்குற கேள்வி அது. அன்னிக்குத்தான் இதைச் சும்மா விடக்கூடாதுன்னு ஒக்காந்தேன். வேற ஒரு குழந்தை டாக்டரம்மாகிட்ட போனோம். நானும் ராத்திரியெல்லாம் மருத்துவ வழிகாட்டுதல்களைத் தேடித்தேடிப் படிச்சேன். அந்த ரெண்டுலேயும் தெரிஞ்சுக்கிட்டதோட சாரம்தான் கீழ இருக்கு.

ஏன் கக்குறான்?

நம்ம சாப்பாட்டுக் குழாயும் இரைப்பையும் சேர்ற எடத்துல ஒரு சுருக்குத் தசை இருக்கு. சுருக்குப் பை வாய் மாதிரின்னு வெச்சுக்கங்க. பொறந்த குழந்தைக்கு அந்தச் சுருக்கு இன்னும் சரியா இறுகலை, அடிக்கடி தானா தொறந்துக்கும். இரைப்பை குட்டியூண்டு. சாப்பாடு முழுக்கத் தண்ணி மாதிரி பால். ஆளு நாள் பூரா படுத்தே கெடக்குறாரு. பால் மேல வராம வேற என்ன பண்ணும்? இதுக்குப் பேருதான் ரிஃப்ளக்ஸ், எதுக்களிப்பு. 1997ல சிகாகோ பக்கம் பண்ண ஒரு ஆய்வுல மூணு மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைங்கள்ல பாதிப் பேரு தெனம் ஒரு தடவையாவது கக்கியிருக்காங்க. நாலாவது மாசம் அது மூணுல ரெண்டு பங்கா ஏறுது. ஒரு வயசுகிட்ட வரும்போது நூத்துக்கு அஞ்சு பேரு அளவுக்குத்தான் தேறுது. உக்காந்து, நின்னு, கெட்டியாச் சாப்பிட ஆரம்பிச்சா முக்காவாசி தானா நின்னுடும்.

வாயு வேற கதை. பால் குடிக்கிறப்ப காத்தையும் சேத்து முழுங்குறான். பசி முத்திப் போயி கத்திட்டுக் குடிச்சா இன்னும் ஜாஸ்தி. அழுதாலும் காத்து உள்ள போகும். ஆக, வாயுவால அழுறானா, அழுறதால வாயுவான்னு கேட்டா, ரெண்டும்தான். மேல வர்ற ஏப்பம் கூடவே பாலையும் இழுத்துட்டு வருது. கிடத்தினதும் முழிக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

நேரம் காலம் இல்லாம சாயங்காலத்துல அழுறதைக் காலிக்னு சொல்லுவாங்க. 1954ல மாரிஸ் வெஸ்ஸல்னு ஒரு அமெரிக்க டாக்டர் அதுக்கு ஒரு கணக்கு வெச்சாரு. நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல, வாரத்துல 3 நாளைக்கு மேல, 3 வாரத்துக்கு மேல அழுதா காலிக். எழுபது வருஷம் ஆச்சு, இன்னும் முழுக் காரணம் புடிபடலை. மூணு நாலு மாசத்துல தானா கொறையும்ங்குறது மட்டும் உறுதி. இதைக் கேட்டதும் தங்கச்சிக்குப் பாதி உசுரு திரும்பி வந்துச்சு.

மீதிப் பாதி எடை மெஷின்ல வந்துச்சு. டாக்டரம்மா கேட்டது மூணே கேள்வி. எடை ஏறுதா? நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போறானா? கக்குறது என்ன கலர்? பொறந்தப்ப 2.9 கிலோ. ஒன்பது வாரத்துல 4.7. அதாவது ஒரு நாளைக்கு சராசரியா சுமார் 29 கிராம். மொத மூணு மாசம் 20லேருந்து 30 கிராம் ஏறினா நல்ல கணக்கு. "பாலு பத்தலைன்னு இனிமே யாராச்சும் சொன்னா இந்தச் சீட்டைக் காட்டும்மா"ன்னாங்க. தங்கச்சி அந்தச் சீட்டை ஃபோட்டோ எடுத்து சம்பந்தியம்மாவுக்கே அனுப்பிட்டா. வெயிலுக்குத் தண்ணி குடுக்குற பேச்சும் அதோட முடிஞ்சுது. தாய்ப்பால்ல கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணிதான். ஆறு மாசம் வரைக்கும், கத்திரி வெயில்லயும் தனியாத் தண்ணி வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மருந்துப் பொட்டி

எங்க வீட்டு அலமாரியைத் தொறந்தா ஒரு சின்ன கண்காட்சியே வைக்கலாம்.

கிரைப் வாட்டர்: இங்கிலாந்துல நாட்டிங்காம்ல வில்லியம் உட்வர்ட்னு ஒரு மருந்துக்கடைக்காரர் 1851ல ஆரம்பிச்சது. ஆரம்பத்துல அதுல சாராயம் கலந்திருந்துச்சு. அந்தக் காலத்துப் புள்ளைங்க ஏன் சமத்தாத் தூங்குச்சுன்னு இப்பப் புரியுதா? இப்ப சாராயம் கெடையாது. ஆனா இது எதுக்களிப்பை நிறுத்தும்ங்குறதுக்கு உருப்படியான ஆதாரமும் கெடையாது.

வசம்பு: பேர் சொல்லா மருந்து, பிள்ளை வளர்ப்பான். எவ்ளோ அழகான பேருங்க. கையில வளையலாக் கட்டுனா எனக்கு ஆட்சேபணை இல்லை. (வாயில வெச்சுச் சப்பாம பாத்துக்கணும்.) உள்ளுக்குக் குடுக்குறதுதான் சிக்கல். அதுல பீட்டா-அசரோன்னு ஒரு பொருள் இருக்கு. எலிகளுக்குக் குடுத்துப் பாத்ததுல கட்டி வந்ததால, அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுப் பொருள்ல வசம்பு சேக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க.

தேன்: கல்வராயன் மலைத் தேன், அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் பாசமா ஒரு பாட்டில் கொண்டாந்து குடுத்தாரு. நாக்குல தொட்டு வைக்கச் சொன்னாரு. ஒரு வயசு முடியிற வரைக்கும் தேன் ஒரு சொட்டு கூடக் கூடாது. சுத்தமான தேன்லயும் பாட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம். நம்ம குடலு அதை சமாளிச்சுடும். பச்சக்குழந்தை குடல்ல அது முளைச்சு, விஷத்தைக் கக்கி, ஒடம்பைத் துவள வெச்சுடும். அந்தத் தேனை நான்தான் சாப்பிட்டேன். அருமையான தேன்.

மூக்குல எண்ணெய் விடுறது: குளிப்பாட்டுறப்ப மூக்குலயும் வாயிலயும் ரெண்டு சொட்டு விட்டு ஊதுவாங்க பாருங்க, அது. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா ஆகுறதை நம்ம தென்னிந்தியக் குழந்தைங்ககிட்டயே பாத்து டாக்டருங்க 1970கள்லயே எழுதியிருக்காங்க. அதுவும் கக்குற குழந்தைக்குச் சொல்லவே வேணாம்.

உரம் எடுக்குறது, தொக்கம் எடுக்குறது: தலைகீழாப் புடிக்கிறது, உருட்டுறது, வாயில வெச்சு ஊதி உறிஞ்சுறது எல்லாம் இதுல சேத்தி. கழுத்து நிக்காத புள்ளை. இதுல நான் யாரோடயும் விவாதம் பண்ணலை. கதவைச் சாத்திட்டேன், அவ்ளோதான்.

இனி இங்கிலீஷ் மருந்து. அந்த மூணு சொட்டு மருந்தையும் டாக்டரம்மாகிட்ட காட்டினோம். ஒண்ணு சிமெத்திகோன், வாயுக்கு. பெரிசா கெடுதல் இல்லை, பெரிசா பலனும் இல்லை. இன்னொண்ணு டாம்பெரிடோன், வாந்திக்கு. பிரிட்டன்ல 2019 டிசம்பர்லயே 12 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு இது வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூணாவது ஆசிடைக் கொறைக்கிற மருந்து. அழுறான், கக்குறான், ஆனா எடை நல்லா ஏறுதுன்னா அது தேவையில்லைன்னு 2018ல அமெரிக்க, ஐரோப்பிய குழந்தைகள் குடல்நோய் சங்கங்கள் சேந்து வெளியிட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. மூணையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. வயித்து வலிக்குன்னு டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்தை யாராச்சும் நீட்டினா ஆறு மாசத்துக்குக் கீழ வாங்கவே வாங்காதீங்க, மூச்சே தடுமாறும்னாங்க. ஒரு ரூபா மருந்து எழுதாம எங்களை வீட்டுக்கு அனுப்பின மொத டாக்டர் அவங்கதான்.

அப்ப என்னதான் பண்றது?

வேலைக்காவுறது எல்லாம் சில்லறை விஷயங்கதான். ஒண்ணொண்ணா சொல்றேன்.

1. பசி முத்துறதுக்கு முன்னாடியே பால் குடுக்கணும். கையை வாய்க்குக் கொண்டு போறது, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புறது, இதெல்லாம் முன்னறிவிப்பு. அழுகை வந்துட்டா லேட்டு.

2. காம்பை மட்டும் கவ்வாம, சுத்தியிருக்குற கருவட்டமும் நெறைய உள்ள போற மாதிரி வாயை நல்லாத் தொறந்து கவ்வணும். காத்து உள்ள போறதுல பாதி இங்கயே கொறஞ்சுடும். இதைத் தங்கச்சிக்குக் கிராம சுகாதார நர்ஸ் பக்கத்துல உக்காந்து கத்துக் குடுத்தாங்க. எனக்கு அந்த நேரத்துல கொல்லையில வேலை இருந்துச்சு.

3. நடுவுல ஒரு ஏப்பம், கடைசியில ஒரு ஏப்பம். தோள்ல சாச்சு முதுகுல தட்டணும். இல்லைன்னா மடியில உக்கார வெச்சு, தாடையை விரல்ல தாங்கிக்கிட்டுத் தட்டணும். அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா விட்டுடலாம், சண்டை போட வேணாம்.

4. குடிச்சதும் இருவது முப்பது நிமிஷம் நிமித்தியே தோள்ல வெச்சுக்கணும். இதுதான் தாய்மாமன் டிபார்ட்மெண்ட். நான் வாசல் வேப்பமரத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல நடப்பேன். ஆபீஸ் கால் எல்லாம் நடந்துக்கிட்டேதான். ரெண்டு மாசத்துல நாலு கிலோ எனக்குக் கொறஞ்சுது, அவனுக்கு ஏறுச்சு.

5. இதுதான் முக்கியமானது. பால் - தூக்கம்னு இருந்த வரிசையை மாத்துனோம். தூங்கி முழிச்சதும் பால். அப்புறம் நிமித்தி வெச்சுக்குறது. அப்புறம் கொஞ்சம் விளையாட்டு, வெறும் வயித்துல எண்ணெய் தேச்சுக் காலை சைக்கிள் மாதிரி மிதிக்க விடுறது, முழிச்சிருக்கும்போது என் நெஞ்சு மேல குப்புறப் போடுறது. அதுக்கப்புறம் தூக்கம். கிடத்துற நேரத்துல இரைப்பை பாதியாவது காலியாயிருக்கும். பத்து நிமிஷத்துல முழிக்கிறது இதுலதான் மொதல்ல ஒடஞ்சுது.

6. ரெண்டு மாசக் குழந்தையால ஒரு மணியிலேருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தாக்குப் புடிக்க முடியாது. தூக்கம் தாண்டிப் போச்சுன்னா வாயுவே இல்லாட்டியும் கத்தும். கொட்டாவி, காதை இழுக்குறது, வெறிச்சுப் பாக்குறது வந்ததும் ஃபேனைப் போட்டு ஜன்னலைச் சாத்திடணும்.

7. கிடத்துறப்ப மொதல்ல காலு, அப்புறம் இடுப்பு, கடைசியா தலை. தலை மொதல்ல போனா கீழ விழுற மாதிரி தூக்கிப் போடும். கிடத்தினதும் நம்ம கையை அவன் நெஞ்சு மேல ரெண்டு நிமிஷம் வெச்சிருந்தா போதும். அந்தச் சூடு போயிடாத மாதிரி மெதுவா எடுக்கணும்.

8. முப்பது நாப்பது நிமிஷத்துல முழிச்சா அது நோய் இல்லை. அந்த வயசுல ஒரு சுத்துத் தூக்கமே அவ்ளோதான். ஓடிப் போய்த் தூக்காம ஒரு நிமிஷம் பாருங்க. முனகுறது, நெளியிறது எல்லாம் தூக்கத்துலயே பண்ணுவாங்க. பாதி தடவை திரும்பத் தூங்கிடுவான்.

பத்தியம் பத்தி ஒரு வார்த்தை. பருப்பு, முட்டைக்கோசு, கெழங்குன்னு ஒண்ணொண்ணா நிறுத்தி, கடைசியில தங்கச்சி தட்டுல பூண்டுக்குழம்பும் சோறும்தான் மிச்சம். அம்மா வயித்து வாயு பால் வழியா புள்ளைக்குப் போகாது. பால்ல கலக்குறது ரத்தத்துல கலந்ததுதான். விதிவிலக்கு மாட்டுப்பால் ஒவ்வாமை. மலத்துல சளியோ ரத்தமோ வந்தா, டாக்டர் அம்மாவைப் பால், தயிர், மோரு எல்லாத்தையும் ரெண்டுலேருந்து நாலு வாரம் நிறுத்திப் பாக்கச் சொல்லுவாங்க. இவனுக்கு அது இல்லை. அன்னிக்கே பருப்புக்கு விடுதலை.

ஏணை

இதை எழுதத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிச்சேன்.

எங்க வீட்டு ஏணை ஆயாவோட பழைய நூல் புடவை. உத்தரத்துலேருந்து தொங்கும், நடுவுல ஒரு கட்டை குடுத்திருக்கும். எங்கம்மா, நான், தங்கச்சி எல்லாரும் அதுல ஆடுனவங்கதான். அதுல போட்டா சின்னவரு ரெண்டே நிமிஷத்துல சொக்கிடுவாரு. பிரச்னை என்னன்னா, துணி குழிஞ்சு முதுகு வளையும், தாடை நெஞ்சுல போயி முட்டும். பச்சக்குழந்தையோட மூச்சுக்குழல் மெல்லிசு, அப்டியே மடங்கினா காத்து போகாது. தூக்கி நிமித்திக்க அதுக்குக் கழுத்து நிக்கலை.

சாச்சுப் படுக்க வெச்சா பால் மேல வராதுன்னு நெனச்சு அமெரிக்காவுல ஒரு சாய்வுத் தொட்டிலே வந்துச்சு, ஃபிஷர் பிரைஸ் கம்பெனியோட ராக் அண்ட் ப்ளே. அதுல குழந்தைங்க இறந்து போனது தெரிஞ்சதும் 2019 ஏப்ரல்ல சுமார் 47 லட்சம் தொட்டிலைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. 2022ல அந்த மாதிரி 10 டிகிரிக்கு மேல சாஞ்ச தூங்கு படுக்கைக்கெல்லாம் சட்டமே போட்டுத் தடை பண்ணிட்டாங்க. கக்குற குழந்தையா இருந்தாலும் சமதளத்துல, மல்லாக்க, தலையணை இல்லாமத்தான் தூங்க வைக்கணும்ங்குறதுதான் இப்ப எல்லா ஊர் டாக்டருங்களும் சொல்றது. கடுகுத் தலையணையும் வேண்டாம்.

மல்லாக்கப் போட்டா பால் புரையேறாதான்னு நானும் கேட்டேன். டாக்டரம்மா ரெண்டு பேனாவை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுக் காட்டினாங்க. மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழல் மேல, சாப்பாட்டுக் குழாய் கீழ. மேல வர்ற பால் கீழேயே நின்னு திரும்ப எறங்கிடும். குப்புறப் போட்டா அது தலைகீழ். பால் மூச்சுக்குழல் பக்கம் வழியுறதுக்குத் தோதாப் போயிடும்.

ஆனா பாருங்க, ஒரு நாள் மத்தியானம். கரண்ட் போயிடுச்சு. எனக்கு ஒரு கால். தங்கச்சி அசந்து தூங்குறா. ஆயா அவனைத் திண்ணையில பாய் போட்டுக் குப்புறக் கிடத்தி, விசிறிக்கிட்டே இருந்திருக்கு. நான் வந்து பாக்குறேன், ஒன்றரை மணி நேரமாத் தூங்குறான். கக்கலை, முறுக்கலை. பொறந்ததுலேருந்து அவன் தூங்குன பெஸ்ட் தூக்கம் அதுதான். அம்மா வந்து எட்டிப் பாத்துட்டு, "இவ்ளோ நாளா இது தெரியாமப் போச்சே"ன்னுச்சு. குப்புறப் போட்டா கக்கல் கொறையுறது உண்மை, நல்லாத் தூங்குறதும் உண்மை. அவ்ளோ ஆழமாத் தூங்குறதுதான் ஆபத்தே. மூச்சு தடுமாறினா முழிச்சுக்க வராது. 1992ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் போடாதீங்கன்னு சொல்லி, 1994ல பெருசாப் பிரசாரம் பண்ணாங்க. அதுக்கப்புறம் தூக்கத்துல திடீர்னு சாகுற குழந்தைங்க அந்த நாட்டுல ஏறக்குறையப் பாதியாக் கொறஞ்சுது.

நான் பக்கத்துல போயி உக்காந்தேன். அவன் முதுகு ஏறி எறங்குறதையே பாத்துக்கிட்டு, மெதுவா, "ஆயா, மல்லாக்கத் திருப்பிடட்டுமா? குப்புறப் போட்டா சில புள்ளைங்க தூக்கத்துலயே போயிடுதாம்"னேன். எப்பவும் மாதிரி "நாங்க புள்ளை வளக்கலியா"ன்னு வரும்னு நெனச்சேன். வரலை. கொஞ்ச நேரம் விசிறிக்கிட்டே இருந்துச்சு.

"எனக்கு ரெண்டாவது அப்டித்தான்டா போச்சு"ன்னுச்சு.

எட்டுப் பெத்து அஞ்சு தங்குச்சுன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். போன மூணு பேரு யாரு என்னன்னு நாங்க கேட்டதும் இல்லை, ஆயா சொன்னதும் இல்லை. அது பொண்ணாம். மூணு மாசம். நாத்து நட போயிட்டு வெயில் சாய வந்து பாத்தா, ஏணையில அப்டியே இருந்துச்சாம். தொட்டா சில்லுன்னு. அதுவும் பால் கக்குற புள்ளையாம். மாந்தம்னாங்க, காத்து கருப்புன்னாங்க, உன் பாலு விஷம்னு மாமியாக்காரி சொன்னாளாம். அறுபது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அது ஏன் போச்சுன்னு இப்ப எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்லலை. தமிழ்நாட்டுல 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள 13 போகுது. ஆயா பெத்த காலத்துல நாடு பூராவும் நூத்துக்கு மேல. அந்த நம்பரை எவ்ளோ தடவை படிச்சிருப்பேன். அது எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து விசிறிக்கிட்டிருந்தது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் ஆயாவே அவன் இடுப்புல ஒரு கை, தலைக்கு ஒரு கை குடுத்து மெதுவா மல்லாக்கத் திருப்புச்சு. முழிச்சுட்டான். கத்துனான். "கத்தட்டும் போ, கத்துனா உசுரோட இருக்கான்னு அர்த்தம்"னுச்சு.

அன்னிலேருந்து எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. ஏணை அவுக்கலை. சாயங்காலம் அழுகை கட்டுக்கடங்காமப் போனா அதுல போட்டு, ஆயா பக்கத்துலயே மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்து ஆட்டும். கண்ணு சொருகினதும் எடுத்துப் பாயில மல்லாக்க. டாக்டரம்மா கேட்டா அதுவும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. ஆனா ஆளில்லாம ஏணையில தூங்க விடுறதில்லைங்குறதை ஆயாதான் எங்க எல்லாரையும் விட கறாராப் பாத்துக்கிச்சு. எதிர்வீட்டு அத்தை "குப்புறப் போடேன்"னு ஒருவாட்டி சொன்னப்ப, ஆயா பாத்த பார்வையில அத்தை காபி கூடக் குடிக்காமப் போயிடுச்சு.

எப்ப ஓடணும்?

இதையும் சொல்லிடுறேன். பச்சையா வாந்தி எடுத்தா, ரத்தம் வந்தா, ஒவ்வொரு தடவை குடிச்சதும் பீச்சியடிச்சு வாந்தி எடுத்து எடை கொறைஞ்சா (மூணுலேருந்து ஆறு வாரக் குழந்தைக்கு முக்கியமா, இரைப்பையோட அடிவாய் அடைச்சிருக்கலாம்), வயிறு கல்லு மாதிரி உப்பினா, ஒண்ணுக்குப் போறது கொறஞ்சா, மூணு மாசத்துக்குள்ள 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தா, நீலம் பாரிச்சா, துவண்டா, வைத்தியம் கேட்டு ஃபோன் பண்ணிட்டு இருக்காதீங்க. 108க்கு அடிங்க. முன்னாடி எங்க பக்கத்துலேருந்து பெரிய வைத்தியம்னா முண்டியம்பாக்கமோ பாண்டி ஜிப்மரோதான். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. 2022 ஜனவரியில அங்கயே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துடுச்சு, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துல சிறுவங்கூர்ல.

சின்னவரு நாலாவது மாசம் இன்னும் அதிகமாக் கக்குனாரு, புத்தகத்துல போட்டிருந்த மாதிரியே. ஆனா தூக்கம் சரியாயிடுச்சு. காலையில பத்து மணிக்கு ஒண்ணேகால் மணி நேரம், மத்தியானம் ஒரு முக்கால், சாயங்காலம் ஒரு குட்டி. அந்தக் காலைத் தூக்கத்துல தங்கச்சியும் தூங்குனா. அந்த ஒண்ணேகால் மணி நேரம் மட்டும் யாரும் அவ அறைப் பக்கம் போகக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. மூணே வாரத்துல அவ மூஞ்சி மாறிடுச்சு. "என் பாலு ஒத்துக்கலையோ"ங்குற கேள்வி அப்புறம் வரவே இல்லை. குழந்தை அழுறப்ப எல்லாரும் குழந்தைக்குத்தான் மருந்து தேடுறோம். பெத்தவளைத் தெனம் ஒரு ரெண்டு மணி நேரம் தூங்க விட்டுப் பாருங்க மக்களே. உங்க வீட்டுல அப்டி ஒருத்தி இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் போயி அந்தப் புள்ளையைத் தோள்ல வாங்கிக்கோங்க. பழைய சட்டை போட்டுக்கிட்டுப் போங்க.

இப்ப ஒன்பதாவது மாசம். திருக்கோவிலூர்ப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போயிட்டாரு. இட்லி சாப்பிடுறாராம், கக்குறதே இல்லையாம். வீடியோ கால்ல என்னைப் பாத்தா தோளைப் பாக்குறான், ஆயாவைப் பாத்தா சிரிக்கிறான். ஃபோனை ஆயா மூஞ்சிக்கு ரொம்பக் கிட்ட வெச்சுக்கும், அவனுக்கு நெத்தி மட்டும்தான் தெரியும். அதுக்கே சிரிக்கிறான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் மாமன். உங்க குழந்தைக்கு உங்க டாக்டர் சொல்றதுதான் சட்டம். அந்தப் பாட்டில்ல தேன் இன்னும் கொஞ்சம் இருக்கு, ஊர்ப்பக்கம் வந்தா வாங்க. ஒரு வயசு முடிஞ்சிருக்கணும், அவ்ளோதான் கண்டிஷன்.